ஏறக் கேட்க ஆளில்லை

என் அத்தை டிராக்டர் வாங்கிச் சேர்த்தாள். உள்ளங்கையில் நிற்கிற அளவு டிராக்டர்கள். ஈயத்தில் வார்த்தது, தகரத்தில் மடித்தது, மரத்தில் கடைந்து சாயம் அடித்தது என்று எங்கிருந்தெல்லாமோ கப்பலேறித் திண்டுக்கல்லுக்கு வந்து சேர்ந்த பொம்மைகள். அத்தை என் அப்பாவுக்கு மூத்தவள். கன்னிவாடி போகிற சாலையில் ஒரு கிராமத்தில் கடலையும் வெங்காயமும் போட்டுக்கொண்டிருந்த மாமாவுக்கு வாழ்க்கைப்பட்டவள். பிள்ளைகள் இல்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை இவ்வளவு சீக்கிரம் எழுதவேண்டியிருக்கிறதே என்று எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆனால் எங்கள் ஊர் அவளைப் பற்றி எதைப் பேசினாலும் அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். கொஞ்ச நேரம் சுற்றிவிட்டு அங்கேயே வந்து உட்கார்ந்தும்கொள்ளும்.

வெள்ளைக்காரர்கள் கொடைக்கானல் பங்களாக்களை விற்றுவிட்டுப் போய்க்கொண்டிருந்த காலம். ஐப்பசி மழை ஓய்ந்து மலைப்பாதை காய்ந்ததும் அவர்கள் விட்டுப்போன சாமான்கள் லாரி லாரியாக இறங்கும். ரயிலடிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சரக்குக் கிட்டங்கியில், மார்கழியிலும் தையிலும், ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஏலம். கம்பளி, கண்ணாடி பீரோ, கால் உடைந்த பியானோ, எதற்கென்றே தெரியாத பித்தளைச் சாமான், பிள்ளைகள் விளையாடிப் போட்ட பொம்மைகள். ஏலக்காரர் தலையில் மப்ளர் சுற்றிக்கொண்டு ஒரு மேசைமேல் ஏறி நின்று மணி அடிப்பார். கீழே பனிமூட்டமும் பீடிப்புகையும் கலந்து மண்டிக்கிடக்கும். அத்தனை ஆம்பளைகளுக்கு நடுவில், முதல் பெஞ்சில், கண்டாங்கிச் சேலை கட்டிக்கொண்டு ஒரே ஒரு பெண்பிள்ளை. அது அத்தை. இரண்டாவது பெண்பிள்ளை, துணைக்குப் போன நான்.

துணை என்றால் சும்மா துணை இல்லை. பொம்மைகளின் அடிவயிற்றில் பொடி எழுத்தில் இங்கிலீஷ் இருக்கும். அதை வாசித்துச் சொல்ல ஆள் வேண்டும். நான் அப்போது பி.யூ.சி. எஞ்சின் என்றால் எனக்கும் கிறுக்கு. அரிசி மில் எஞ்சினை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டு நின்று காலேஜுக்கு லேட்டாகப் போனவள். “இங்கிலாந்தில செஞ்சதுன்னு போட்ருக்கு அத்தே” என்பேன். “அது கெடக்கட்டும், குதிரைச் சக்தி எம்புட்டுன்னு போட்ருக்கா?” என்று கேட்பாள். பொம்மைக்குக் குதிரைச் சக்தி!

அவள் அதைப் பொம்மையாகவே நினைக்கவில்லை, அதுதான் விஷயம். பிளாக் ஆபீஸ்காரர்கள் ஒரு தடவை அத்தை ஊருக்கு நிஜ டிராக்டர் கொண்டுவந்து உழுது காட்டினார்கள். மாமாவின் கிணற்று மேட்டில் ஒரு துண்டு உண்டு; மாடுகள் மூக்கால் அழுதுகொண்டு இழுக்கும் இறுகிய நிலம். அதை அந்த வண்டி ஒரு காலைப்பொழுதில் புரட்டிப் போட்டுவிட்டுப் போய்விட்டது. ஊர் முழுக்க வாயைப் பிளந்தது, கலைந்தது. அத்தை மட்டும் உழுத சாலில் இறங்கி முழங்கைவரை கையை விட்டு ஆழம் பார்த்தாளாம். அன்றைக்கு ராத்திரி மாமாவிடம் “நாம ஒண்ணு வாங்குவோம்” என்றிருக்கிறாள். மாமா சிரித்த சிரிப்பில் கயிற்றுக்கட்டில் அறுந்துவிட்டது என்று இப்போதும் சொல்வார்கள்.

நிஜத்துக்கு வழியில்லை. அதனால் சின்னதுகளைச் சேர்த்தாள். அடுக்களைப் பக்கத்துத் தாழ்ந்த மாடத்தில் ஒரு பலகை போட்டு வரிசையாக நிறுத்தியிருந்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒரு நிலம் ஒதுக்கியிருந்தாள். “இது கெணத்து மேட்டுக்கு. இந்தச் சன்னச் சக்கரம் இருக்கு பாரு, இது வெங்காயப் பாத்திக்கு. இந்தப் பச்சை இருக்கே, இது சோம்பேறி, கரம்பை மண்ணுக்குத் தாங்காது, வண்டி இழுக்கத்தான் லாயக்கு.” முன்சக்கரம் திரும்பாத வண்டியை அவள் வாங்கவே மாட்டாள். வரப்பில் எப்படித் திருப்புவது என்று கேட்பாள்.

ஒரு நாள் பக்கத்து வீட்டுப் பெண் தன் கைக்குழந்தையைத் தூக்கிவந்து அந்தப் பலகை முன்னால் விட்டாள். நல்ல எண்ணத்தில்தான். பிள்ளை அந்த இடத்தில் தவழ்ந்தால் அத்தையின் வயிறு திறக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை கிணற்று மேட்டு டிராக்டரை எடுத்து வாயில் வைத்தது. அத்தை பாய்ந்து பிடுங்கினாள்.

“அச்சு வளைஞ்சிருமே, பாத்துக்கிட்டு நிக்கிறே?”

அந்தப் பெண் பிள்ளையை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “பிள்ளை தொடக்கூடாத வெளையாட்டுச் சாமான் எதுக்கு மதினி?” என்று கேட்டுவிட்டுப் போனாள். அத்தைக்கு அந்தக் கேள்வி உறைக்கவே இல்லை. அச்சைத்தான் உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றிருந்த எனக்குக் காது மடல் சுட்டது.

வண்டிகளைவிட அவளுக்குப் பெருமை, அவற்றை வாங்கின விதத்தில். ஏலம் கேட்பதில் தன்னை அடிக்க ஆளில்லை என்று நம்பினாள். “மொதக் கேள்வியை அழுத்திக் கேக்கணும்டி. அதுலயே எதிராளி ஒடிஞ்சு போவான்” என்பாள். “கேக்கையில பொருளைப் பாக்கப்படாது. கூரையைப் பாரு. ஆசை கண்ணுல தெரிஞ்சா வெலை ஏறிப்போகும்.” சொன்னபடி செய்யவும் செய்வாள். ஏலக்காரர் டிராக்டரைத் தூக்கிக் காட்டியதும் இவள் ஓட்டுக்கூரையைப் பார்த்துக்கொண்டு, ஒற்றை விரலை உயர்த்தி, தொகையைச் சொல்வாள். “ஒருதரம், ரெண்டுதரம், மூணுதரம்!” மணி. அவ்வளவுதான். ஒரு தடவைகூட யாரும் அவளுக்குமேல் ஏறக் கேட்டதில்லை.

ஏலம் முடிந்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவாள். இலை முன்னால் உட்கார்ந்து அன்றைய ஏலத்தை அப்படியே நடித்துக் காட்டுவாள். யார் கேட்க வாயெடுத்தான், யாரை இவள் ஒரு பார்வையில் உட்கார வைத்தாள், எல்லாம். அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டே, “இன்னைக்கு யாரை ஒடிச்சேக்கா?” என்று எடுத்துக்கொடுப்பார். அம்மா வெஞ்சனக் கிண்ணத்தோடு நின்றபடி, “நம்ம மதினிகிட்ட யாரு நிக்க முடியும்?” என்பாள். என்னை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள். சொல்லித் தொலைக்காதே என்கிற பார்வை.

அத்தைக்குத் தெரியாத ஒன்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நான் துணைக்குப் போன முதல் ஞாயிற்றுக்கிழமையே எனக்குத் தெரிந்துபோனது. ஒரு சுவர்க்கடிகாரம் ஏலத்துக்கு வந்தபோது கிட்டங்கி இரைந்தது. ஆளாளுக்கு ஏறிக் கேட்டார்கள், கைகலப்புக்குப் போகாத குறை. நயா பைசா வந்த புதிது. அணாவில் கேட்கிறவனுக்கும் பைசாவில் கேட்கிறவனுக்கும் தனிச் சண்டை வேறு. அடுத்து ஒரு தகர டிராக்டர். அத்தை விரலை உயர்த்தினாள். கூட்டம் சட்டென்று அடங்கியது. பீடியை வாயிலிருந்து எடுத்தவர்கள் எடுத்தபடி. வெளியூர் ஆள் ஒருவன் வாயைத் திறக்கப் போனான். பின் பெஞ்சில் ஒரு கிழவர் அவன் தொடையைத் தட்டி, “புள்ள இல்லாதவுக வெளையாட்டுச் சாமான் கேக்குறாக. ஏறக் கேக்கப்படாது, விடு. வேண்டுதலாருக்கும்” என்றார்.

யாரும் கூடிப் பேசி வைத்த சட்டம் இல்லை இது. பிள்ளை வேண்டித் தொட்டில் கட்டுகிறவள் கையிலிருந்து தொட்டிலைப் பிடுங்குவார்களா? அந்த மாதிரி. அத்தை டிராக்டரைத்தான் பிள்ளைக்குப் பதிலாக வாங்குகிறாள் என்று அவர்களாகவே முடிவு கட்டியிருந்தார்கள். பாவம் பார்த்தார்கள். சிலர், அவள் கண் வைத்த பொருளை வீட்டுக்குக் கொண்டுபோனால் ஆகாது என்றும் பயந்தார்கள். பாவமும் பயமும் சேர்ந்த அந்த அமைதியைத்தான் அத்தை தன் சாமர்த்தியம் என்று நினைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குப் பின்கழுத்தெல்லாம் எரிந்தது. முதுகுக்குப் பின்னால் அத்தனை பேரும் அவள் வயிற்றைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறார்கள்; அவளோ விலையைப் பற்றி யோசித்துக்கொண்டிருக்கிறாள்.

அடுத்த வருஷ மார்கழியில் சிவப்பு டிராக்டர் வந்தது.

ஏலத்துக்கு முந்தின நாள் சாமான்களைப் பார்க்க விடுவார்கள். ஒரு முழ நீளம். சாவி கொடுத்தால் ஓடுகிறது. பின்னால் மூன்று கொழு வைத்த கலப்பை, தூக்கவும் இறக்கவும் ஒரு நெம்புகோல். அத்தை கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அதைச் சுற்றிச் சுற்றி வந்தாள். தொட்டால் ஆசை தெரிந்துவிடுமாம். வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

“கலப்பை தூக்குதுடி! வரப்புக்கு வந்ததும் தூக்கிக்கிறலாம், திரும்பி எறக்கிக்கிறலாம். நாளைக்குப் பெரிய சண்டையிருக்கும் பாரு. இதுக்கு மதுரைலருந்தெல்லாம் வருவாங்க.”

கடலை விற்றதில் தன் பங்கு என்று மாமாவிடம் வாதாடி வாங்கியதை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். அன்றைக்கு ராத்திரி எங்கள் வீட்டில்தான் படுத்தாள். தூக்கத்தில்கூட ஏலம் கேட்டாள் என்று அம்மா சொன்னாள்.

மதுரையிலிருந்து ஒருவர் வரத்தான் வந்தார். பொம்மைக் கடைக்காரர், வெள்ளைச் சட்டை, தங்கப் பல். அத்தை முதல் கேள்வியை அழுத்திக் கேட்டாள். வழக்கமான அமைதி. ஏலக்காரர் “ஒருதரம்” என்று ஆரம்பித்தார்.

“மேல ரெண்டு ரூவா” என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

அத்தையின் முகத்தை நான் அப்போது பார்த்தேன். எனக்குத் தெரிந்து அவள் முகம் அப்படி ஆனதில்லை. கூரையை மறந்துவிட்டாள். திரும்பி அந்த மனுஷரைப் பார்த்தாள். சடங்கான பெண் மாதிரிச் சிவந்து, பல் தெரியச் சிரித்து, “மேல மூணு!” என்றாள்.

“மேல ரெண்டு.”

“மேல அஞ்சு! வாங்க, பாப்போம்!”

மூன்றாவது தடவை அவர் வாயெடுப்பதற்குள் பக்கத்திலிருந்தவன் அவர் காதில் குனிந்தான். அவன் சொன்னது கேட்கவில்லை. கேட்கவேண்டிய தேவையும் இல்லை. தங்கப் பல் மறைந்தது. அவர் எழுந்து நின்று, நெஞ்சில் கை வைத்து, கிட்டங்கி முழுக்கக் கேட்கிற மாதிரி, “மன்னிச்சுக்கங்கம்மா. தெரியாமக் கேட்டுட்டேன்” என்றார்.

“என்ன தெரியாம?” என்றாள் அத்தை. இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

நெஞ்சில் வைத்த கையை அவர் இன்னும் எடுக்கவில்லை.

“என்னய்யா தெரியாம? ஏலம்னா கேக்கத்தானே வந்தீக?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். அத்தை பக்கத்துப் பெஞ்சைப் பார்த்தாள், அவர்கள் குனிந்தார்கள். அதற்கடுத்த பெஞ்சைப் பார்த்தாள். அறுத்த கதிர் மாதிரித் தலைகள் வரிசையாகச் சாய்ந்தன. யாரோ இருமினார்கள். “எடுத்துக்கட்டும், புண்ணியமாப் போகும்” என்று பின்னால் ஒரு முணுமுணுப்பு. பிறகு அவள் என்னைப் பார்த்தாள். நான் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் கேட்காமல் திரும்பிக்கொண்டாள். சிரிப்பு எந்த நிமிஷத்தில் போனது என்று நான் பார்க்கவில்லை.

ஏலக்காரர் அவசரமாக, “ஒருதரம், ரெண்டுதரம்…” என்றார்.

“இருங்க.” அத்தை எழுந்து நின்றாள். “மதுரைக்காரரே, கேக்காம விட்டுட்டீக. கேட்டிருந்தா எதுவரைக்கும் போயிருப்பீக?”

“அதெல்லாம் எதுக்கும்மா…”

“யாவாரிதானே? ஒரு கணக்கோடதானே வந்திருப்பீக? சொல்லுங்க.”

அவர் தரையைப் பார்த்துக்கொண்டே ஒரு தொகையைச் சொன்னார். அத்தையின் கடைசிக் கேள்விக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு.

“அதுக்கு மேல ஒரு ரூவா” என்றாள் அத்தை ஏலக்காரரிடம்.

“அம்மா, கடைசிக் கேள்வி உங்களதுதான். உங்களுக்கு மேல நீங்களே எதுக்கு…”

“ஏறக் கேக்க ஆளில்லைன்னா நான் கேட்டுக்குறேன். மணியை அடிங்க.”

அவர் அடித்த மணியில் சத்தமே வரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து அங்கேயே எண்ணி வைத்தாள். மிச்சம் பஸ் கட்டணம்தான் இருந்திருக்கும்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் இலை போட்டார்கள். கிட்டங்கியில் நடந்தது அப்பாவுக்குத் தெரியாது. பழக்கப்படி, “இன்னைக்கு யாரை ஒடிச்சேக்கா?” என்று கேட்டார்.

அத்தை ரசத்துக்குக் குழி செய்துகொண்டிருந்தாள். “ஏன் தம்பி, உனக்கும் தெரியுமா?” என்றாள்.

“என்னக்கா?”

அப்பாவின் கை இலையில் அப்படியே நின்றது. அம்மா கரண்டியைச் சட்டியில் வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள். இரண்டு பேரையும் அத்தை மாறி மாறிப் பார்த்தாள்.

“ஒண்ணுமில்லை. சாப்புடு, ஆறிப்போகுது.”

சிவப்பு டிராக்டரைக் கூடத்திலேயே விட்டுவிட்டுப் போய்விட்டாள். மறந்து போனாளா, வேண்டுமென்றேயா, தெரியவில்லை. கொண்டுபோய்க் கொடுக்க எங்கள் வீட்டில் யாருக்கும் முகம் இல்லை. அது சுற்றின காகிதத்தோடு பரண்மேல் ஏறியது. அந்த வருஷம் முழுக்க அப்பா அக்கா வீட்டுக்குப் போவதற்கு ஏதாவது ஒரு சாக்குத் தேடி, கடைசியில் போகாமலே இருந்தார்.

அடுத்த மார்கழியில் அவள் வரமாட்டாள் என்று ஊரே நினைத்தது. ஏலக்காரர்கூட முதல் பெஞ்சில் வேறு ஆளை உட்காரச் சொல்லிவிட்டார். அத்தை வந்தாள்; வழக்கம்போல என்னையும் கூட்டிக்கொண்டாள். அந்த ஆளை, “செத்த தள்ளி உக்காருப்பு” என்று நகர்த்தினாள். அன்றைக்கு வந்தது ஒரு அற்ப வண்டி, பின்சக்கரத்தில் ரப்பர் இல்லை, சாயம் உரிந்தது. அத்தை கேட்டாள். அமைதி.

“மேல எட்டணா” என்றாள் அத்தையே.

ஏலக்காரர் மணியை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார்.

“மேல எட்டணா.” மறுபடியும் அவள்தான்.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தேவலாம் என்று எனக்கு இருந்தது. “மேல எட்டணா. மேல எட்டணா.” ஆட்கள் எழுந்து வெளியே போகவும் முடியாமல், உட்கார்ந்திருக்கவும் முடியாமல் பெஞ்சில் நெளிந்தார்கள். ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார், அந்தப் பனியில். நான் அவள் சேலையைப் பிடித்து, “போதும் அத்தே, போவோம்” என்றேன். என் கையைத் தட்டிவிட்டாள்.

பேகம்பூரில் தோல் கிட்டங்கி வைத்திருந்த ராவுத்தர் ஒருவர் பழைய மேசை நாற்காலிக்காக வாராவாரம் வருவார். தடித்த மனுஷர், எதற்கும் அவசரப்படாதவர். தொண்டையைச் செருமினார். “மேல எட்டணா” என்றார்.

அத்தை மெதுவாகத் திரும்பினாள்.

“பாய், பாவம் பாத்துக் கேக்குறீகளா?”

“பாவமா?” ராவுத்தர் புருவத்தைத் தூக்கினார். “அம்மா, எம்பேரன் ஒரு வண்டி வேணும்னு மூணு நாளா உசுரை வாங்குறான். நீங்களாப் பேசிக்கிட்டே ஏத்திக்கிட்டுப் போறீக, என் பை தாங்காது. விடுறீகளா, மாட்டீகளா?”

“விடமாட்டேன். மேல ஒரு ரூவா.”

“மேல ஒண்ணு.”

“மேல ஒண்ணு!”

“மேல ஒண்ணு. அல்லா, இந்த மொட்டைச் சக்கரத்துக்கா!”

அப்போதுதான் முதல்முதலாக யாரோ சிரித்தார்கள். சிரிப்பு பரவியது. “விடாதீக பாய்!” என்றது ஒரு குரல். “ஆத்தா, நீ ஏத்து!” என்றது இன்னொன்று. மணியை ஆட்டி அடக்கவேண்டியிருந்தது. அத்தை இடுப்பில் கை ஊன்றி நின்று கேட்டாள். ஒரு கட்டத்தில் முந்தானை முடிச்சைத் தொட்டுப் பார்த்தாள், வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். மூன்று தரமும் ஆயிற்று. மணி அடித்தது.

ராவுத்தர் வண்டியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவளைப் பார்க்காமலே நடையைக் கட்டினார். திருப்பிக் கொடுத்துவிடுவாரோ என்று நான் அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். நல்லவேளை, கொடுக்கவில்லை.

பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் அத்தை எனக்கும் சேர்த்து இரண்டு டீ சொன்னாள். வழக்கமாக வண்டி இருக்கிற கை வெறுமையாக இருந்தது. அதை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு, தெருவைப் பார்த்தாள்.

“இன்னைக்கு ஏலம் நல்லாருந்துச்சுடி” என்றாள்.

ராவுத்தருக்குப் பேரன் உண்டா என்று எனக்குத் தெரியாது. டீ அவ்வளவு ஒன்றும் சூடு இல்லை. நான் தலையைக் குனிந்து அதை ஊதிக்கொண்டே இருந்தேன்.